சின்ன ஃபிளாட்டுக்கு எந்த டிரையர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்கனி இல்லை, அல்லது இருந்தும் துணி காயவில்லை, வீட்டில் எந்நேரமும் ஈரவாடை. இந்த நிலையில் டிரையர் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விளம்பரங்களில் எத்தனை கிலோ, எத்தனை புரோகிராம் என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். சின்ன வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: துணியிலிருந்து வெளியேறும் ஈரமும் சூடும் எங்கே போகப்போகின்றன? இதற்கு விடை தெரிந்தால் மற்றதைத் தேர்வு செய்வது சுலபம்.

எனக்கு டிரையர் உண்மையிலேயே தேவையா?

வெயிலோ காற்றோ படுகிற இடத்தில் கொடி கட்ட முடிந்தால் தேவையில்லை. எந்த இயந்திரமும் கொடியைவிடச் சிக்கனமானதல்ல.

வீட்டுக்குள் காயப்போடுவதில்தான் சிக்கல். ஐந்து கிலோ துணியை வாஷிங் மெஷின் நன்றாகப் பிழிந்த பிறகும் அதில் இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் இருக்கும். துணி காய்ந்துவிட்டது என்றால் அந்தத் தண்ணீர் முழுவதும் உங்கள் அறைக் காற்றில் கலந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் சுவர் மூலைகளிலும் அலமாரியின் பின்புறத்திலும் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் துவைக்கிறீர்கள் என்றால், டிரையருக்கு முன்னால், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் ஒரு டிஹியூமிடிஃபையரை யோசித்துப் பாருங்கள். சின்ன அறையில் ஸ்டாண்டை விரித்துத் துணி போட்டு, கதவைச் சாத்தி, அதை ஓடவிட்டால் பெரும்பாலான துணிகள் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். பெரும்பாலான வீட்டு மாடல்கள் இருநூறு, முந்நூறு வாட் அளவில்தான் மின்சாரம் இழுக்கும். குழந்தை இருக்கிற வீடு, தினமும் சீருடை துவைக்க வேண்டிய வீடு, துண்டும் போர்வையும் அதிகம் புழங்கும் வீடு என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

வென்ட்டட், கண்டென்சர், ஹீட் பம்ப் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

மூன்றிலும் துணி சுழல்கிறது, சூடான காற்று அதன் ஊடே போகிறது, காற்று ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த ஈரக்காற்றை என்ன செய்வது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

வென்ட்டட் டிரையர் அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று சுவர் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ வெளியே போக வேண்டும். இயந்திரம் எளிமையானது, சீக்கிரம் காயவைக்கும், பழுதாகும் பாகங்களும் குறைவு. ஆனால் வெளியே தள்ளும் காற்றை அது உங்கள் அறையிலிருந்துதான் எடுக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வரும். அறையில் ஏசியோ ஹீட்டரோ ஓடிக்கொண்டிருந்தால் அதற்குச் செலவழித்த மின்சாரமும் குழாய் வழியே போய்விடும்.

கண்டென்சர் வகைக்குக் குழாய் வேண்டாம். ஈரக்காற்றை அறைக் காற்றால் குளிர்வித்துத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும். ஈரம் தொட்டிக்குப் போய்விட்டது சரி, சூடு? அது முழுக்க அறையிலேயே தங்கும். சின்ன சமையலறையில் இரண்டு மணி நேரம் இது ஓடினால் ஒரு ரூம் ஹீட்டரைப் போட்டுவிட்டது போல இருக்கும்.

ஹீட் பம்ப் வகைக்குள் ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது. அதன் குளிர்ந்த பக்கம் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும். அப்போது வெளிப்படும் சூட்டை அதன் சூடான பக்கம் மீண்டும் அதே காற்றுக்குக் கொடுத்து டிரம்முக்குள் அனுப்பும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.65 யூனிட் ஆற்றல் வேண்டும். மற்ற இரண்டு வகைகளும் இந்தச் சூட்டை ஒருமுறை பயன்படுத்திவிட்டு விட்டுவிடுகின்றன. இது அதையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. மின்சாரம் குறைவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சரி, எதை வாங்குவது?

வாடகை வீடோ சொந்த வீடோ, சின்ன ஃபிளாட் என்றால் ஹீட் பம்ப். சுவரில் ஓட்டை போட வேண்டாம், அறை பெரிதாகச் சூடாகாது, வீடு மாறினால் கையோடு எடுத்துப் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின் ஆற்றல் வரம்பை எட்டுவது நடைமுறையில் ஹீட் பம்ப் வகைதான். ஆகவே அங்கே புதிதாகச் சந்தைக்கு வருபவை எல்லாம் கிட்டத்தட்ட இந்த வகையே.

விதிவிலக்கு உண்டு. வீட்டில் ஏற்கனவே வென்ட் குழாய் இருக்கிறது, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் டிரையர் ஓடும் என்றால் வென்ட்டட் வாங்குவதில் தப்பில்லை. ஹீட் பம்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலை மின்கட்டணத்தில் திரும்பி வர மிக நீண்ட காலம் பிடிக்கும். பழைய வகைக் கண்டென்சரைத்தான் இன்றைக்கு எந்தச் சூழலுக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. வென்ட்டட்டின் மின்செலவும் ஹீட் பம்பின் பராமரிப்பும் சேர்ந்து வரும், இரண்டின் நல்ல குணமும் இருக்காது.

மின்சாரம் எவ்வளவு ஆகும்?

ஏழெட்டு கிலோ முழு லோடுக்கு வென்ட்டட், கண்டென்சர் இரண்டும் சுமார் 4 யூனிட் எடுக்கும். நல்ல ஹீட் பம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் போதும். வாரம் மூன்று லோடு என்றால் வருடத்துக்கு 156. ஒவ்வொன்றிலும் 2 யூனிட் மிச்சம் என்று வைத்தால் 312 யூனிட். உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். விலை வித்தியாசம் எத்தனை வருடத்தில் அடைபடும் என்று தெரிந்துவிடும்.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அது டிரையரில் இல்லை, வாஷிங் மெஷினில் இருக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்த பருத்தித் துணியில், உலர்ந்த எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர் மிச்சம் இருக்கும். 1000 சுற்றில் 60, 1400 சுற்றில் ஏறக்குறைய 50. ஐந்து கிலோ லோடில் 800க்கும் 1400க்கும் ஒரு லிட்டர் வித்தியாசம் வருகிறது. அந்த ஒரு லிட்டரைச் சூட்டால் வெளியேற்ற ஆகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால், சுழற்றிப் பிழிய ஆகும் மின்சாரம் ஒன்றுமே இல்லை.

டிரையருக்குப் போகப்போகும் துணியை, அது தாங்கும் அதிகபட்ச வேகத்தில் பிழியுங்கள். உங்கள் மெஷினில் வேகம் குறைவு என்றால், துவைத்து முடித்த பிறகு ஸ்பின்னை மட்டும் இன்னொரு தடவை போட்டாலும் கொஞ்சம் பலன் உண்டு. தனியாக 2800 சுற்று வரை போகும் சின்ன ஸ்பின் டிரையர்களும் கிடைக்கின்றன. சூடு கிடையாது, வெறும் சுழற்சிதான். சில வீடுகளுக்கு அதுவும் ஒரு கொடியுமே போதுமானதாக இருக்கும்.

ஹீட் பம்ப் ரொம்ப நேரம் எடுக்குமாமே?

எடுக்கும். முழு லோடு பருத்திக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகலாம். வென்ட்டட் அதையே ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். ஹீட் பம்பில் காற்று சுமார் 50 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். மற்றவற்றில் 70 டிகிரிக்கு மேல் போகும். சூடு குறைவு என்பதால் நேரம் கூடுதல், அதே காரணத்தால் துணிக்குச் சேதமும் குறைவு. ஒரே நாளில் நாலு லோடு போடும் பழக்கம் இருந்தால் இது எரிச்சலூட்டும். இரண்டு நாளுக்கு ஒரு லோடு என்று பிரித்துக்கொண்டால் நேரம் ஒரு பொருட்டாகவே இருக்காது.

இடத்தை எப்படி அளப்பது?

வழக்கமான டிரையர் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் உயரம், 60 முதல் 65 ஆழம். வட அமெரிக்காவின் முழு அளவு மாடல்கள் 27 அங்குல அகலம், அதாவது கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர். அங்கே சின்ன வீட்டுக்கு 24 அங்குல மாடலைத் தேட வேண்டும்.

பலர் சறுக்குவது ஆழத்தில்தான். அட்டவணையில் கொடுக்கப்பட்ட ஆழத்தில் கதவின் புடைப்பும் கைப்பிடியும் சில சமயம் சேர்ந்திருக்காது. பின்னால் வயருக்கும், சேரும் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் குழாய்க்கும் சில சென்டிமீட்டர் விட வேண்டும். முன்னால் கதவு முழுதாகத் திறந்து, நீங்கள் குனிந்து துணி எடுக்கவும் இடம் வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அதை மாற்றி மாட்ட முடியுமா என்றும் கேளுங்கள். இடம் மிகக் குறைவு என்றால் 50 சென்டிமீட்டருக்குள் ஆழமுள்ள ஒல்லி மாடல்கள் உண்டு, கொள்ளளவு குறையும், அவ்வளவுதான்.

அப்புறம், லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வீட்டு வாசல், டிரையர் வைக்கப்போகும் அறையின் கதவு. இவை எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்.

வாஷிங் மெஷினுக்கு மேலே வைக்கலாமா?

வைக்கலாம், சின்ன வீட்டுக்கு அதுதான் சரியான ஏற்பாடு. கீழே ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷின், மேலே டிரையர், நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும், அந்த இரண்டு மாடல்களுக்கும் பொருந்தும் ஸ்டாக்கிங் கிட். கிட் இல்லாமல் வெறுமனே தூக்கி வைக்காதீர்கள். ஹீட் பம்ப் டிரையர் ஐம்பது கிலோ அளவில் இருக்கும், கீழே ஸ்பின் ஓடும் அதிர்வில் அது மெல்ல நகரும். வரிசையைத் தலைகீழாக்கி டிரையர் மேல் வாஷிங் மெஷினை வைப்பதும் கூடாது. டாப் லோடு மெஷின் இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. மேலே மூடியைத் திறக்க இடம் வேண்டுமே.

அடுக்கினால் மொத்த உயரம் 170 சென்டிமீட்டருக்கு மேல் போகும். தண்ணீர்த் தொட்டி பெரும்பாலான மாடல்களில் டிரையரின் மேல் ஓரத்தில் இருக்கும். நிறைந்த தொட்டியைத் தலை உயரத்திலிருந்து உருவி எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் யாராவது குள்ளமாக இருந்தால் வடிகால் குழாய் கட்டாயம்.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷினில் இருந்தால் நல்லதுதானே?

இரண்டாவது மெஷினுக்கு இடமே இல்லை என்றால் நல்லது. இடம் இருந்தால் இல்லை.

வாஷர் டிரையரில் இரண்டு கொள்ளளவுகள் எழுதியிருப்பார்கள். துவைக்க 8 கிலோ, காயவைக்க 5 கிலோ என்பது போல. முழு லோடு துவைத்தால் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் காயவைக்க முடியும். ஒரு லோடு காய்ந்துகொண்டிருக்கும்போது அடுத்ததைத் துவைக்க முடியாது. துவைத்துக் காய்ந்து வெளியே வர ஐந்தாறு மணி நேரம்கூட ஆகலாம். பல மாடல்கள் ஈரக்காற்றைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையே ஓடவிடுகின்றன, ஆகவே காயவைக்கவும் தண்ணீர் செலவாகும். ஹீட் பம்ப் வைத்த வாஷர் டிரையர்களில் இந்தத் தண்ணீர்ச் செலவு இல்லை, மின்சாரமும் குறைவு. வாங்கத்தான் வேண்டும் என்றால் அந்த வகையைப் பாருங்கள். ஒன்று பழுதானால் இரண்டும் போச்சு என்பது எல்லாவற்றுக்கும் பொது.

தனியாக இருப்பவருக்கு, இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு, இது நன்றாகவே பொருந்தும்.

எத்தனை கிலோ வாங்கலாம்?

உங்கள் வாஷிங் மெஷின் எத்தனை கிலோவோ அதே அளவு, அல்லது ஒரு கிலோ கூடுதல். டிரையரில் எழுதியிருக்கும் கிலோ உலர்ந்த துணியின் எடை. டிரம் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிறைந்தால் போதும். துணி விழுந்து புரள இடம் இல்லாவிட்டால் நடுவில் ஈரமும் ஓரத்தில் அதிகச் சூடுமாகக் கசங்கி வெளியே வரும்.

மூன்று கிலோ மினி டிரையர்?

உள்ளாடை, சட்டை, குழந்தைத் துணிக்குச் சரி. இரட்டைக் கட்டில் போர்வையைப் போட்டால் பந்தாகச் சுருண்டுவிடும். சுவரில் மாட்டக்கூடிய மாடல்கள் இருப்பது இதன் பெரிய வசதி. ஆனால் பெரும்பாலானவை வென்ட்டட் வகை. குழாயை வெளியே விடாமல் ஓட்டினால் ஈரம் முழுக்க அறைக்குள்தான் இறங்கும். அதற்குக் கொடியே போதுமே.

சாதாரண பிளக்கில் போடலாமா?

இயந்திரத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் பட்டியலில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 2500 வாட் டிரையர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியாக. ஹீட் பம்ப் பெரும்பாலும் 1000 வாட்டுக்குள் ஓடும், பழைய வயரிங் உள்ள வீட்டில் இதுவே ஒரு நல்ல காரணம். எதுவானாலும் எர்த் உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வட அமெரிக்காவில் முழு அளவு மின்சார டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர் தனி லைன் தேவைப்படும். பல ஃபிளாட்களில் அது இருக்காது என்பதால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

அலமாரிக்குள், பாத்ரூமில், பால்கனியில் வைக்கலாமா?

அலமாரிக்குள் வைக்கலாம், காற்று வந்துபோக வழி இருந்தால். ஹீட் பம்பும் ஒவ்வொரு லோடிலும் ஒன்றரை யூனிட் அளவு சூட்டைச் சுற்றி விடத்தான் செய்கிறது. மூடிய பெட்டிக்குள் அது தேங்கினால் நேரமும் கூடும், கம்ப்ரஸரும் திணறும். பூட்டக்கூடிய கதவோ, டிரையர் கதவை முழுதாகத் திறக்கவிடாத கதவோ அதன் முன்னால் இருக்கக் கூடாது என்று பாதுகாப்புக் குறிப்புகளே சொல்கின்றன. உள்ளே குழந்தை ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும்.

பாத்ரூமில் தண்ணீர் தெறிக்கும் எல்லைக்குள் வேண்டாம். எத்தனை தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

திறந்த பால்கனி வேண்டாம். பெரும்பாலான ஹீட் பம்ப் டிரையர்கள் சுற்றுப்புறம் 5 முதல் 35 டிகிரி வரை இருக்கும் இடத்துக்காகச் செய்யப்பட்டவை. கடுங்குளிரில் உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்தால் பம்ப் உடையும்.

கண்டென்சேஷன் வகுப்பு என்று லேபிளில் போட்டிருக்கிறதே?

சின்ன வீட்டுக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய எண் அது, கடைகளில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. துணியிலிருந்து வந்த தண்ணீரில் எத்தனை சதவீதம் தொட்டிக்குப் போகிறது என்பதைச் சொல்கிறது. 90 சதவீதம் என்றால் மூன்று லிட்டரில் 300 மில்லி அறைக்குள் கசியும். 75 என்றால் 750 மில்லி. ஜன்னல் இல்லாத அறையில் இந்த வித்தியாசம் சுவரில் தெரியும்.

தொட்டியா, வடிகால் குழாயா?

வசதி இருந்தால் குழாய். பல மாடல்களில் இரண்டுக்கும் வழி இருக்கும், தண்ணீரைச் சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை பம்ப் தள்ளும். தொட்டி என்றால் ஒவ்வொரு லோடுக்கும் காலி செய்துவிடுங்கள். மறந்தால் நடுவில் நின்றுவிடும்.

சத்தம்?

பெரும்பாலான மாடல்கள் 62 முதல் 66 டெசிபல். தூங்கும் அறைக்குப் பக்கத்தில் இது தொந்தரவுதான். ஸ்பின்னில் வாஷிங் மெஷின் குலுங்குவது போல டிரையர் குலுங்காது, அதன் டிரம் நிமிடத்துக்கு ஐம்பது சுற்று அளவில்தான் சுற்றுகிறது. கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது உங்கள் ஜீன்ஸ் பட்டன் டிரம்மில் அடிக்கும் சத்தமாகத்தான் இருக்கும். துணியை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள்.

எந்த வசதிகளுக்குக் காசு கொடுக்கலாம்?

ஈரப்பத சென்சார் ஒன்றுக்குக் கண்டிப்பாக. துணி காய்ந்ததும் தானே நிறுத்தும். டைமர் மட்டும் உள்ளது காய்ந்த பிறகும் சுட்டுக்கொண்டிருக்கும். டிரம் இரு திசையிலும் மாறி மாறிச் சுழல்வதும் நல்லது, போர்வை முறுக்கிக்கொள்ளாது. இருபது புரோகிராமில் நீங்கள் தொடப்போவது மூன்று. வைஃபை வசதியால் துணி சீக்கிரம் காயாது.

ஒன்றை மட்டும் நான் தவிர்ப்பேன்: கண்டென்சரை, அதாவது ஈரக்காற்றைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் பாகத்தை, இயந்திரம் தானே கழுவிக்கொள்ளும் வசதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட பல மாடல்களில் அந்தப் பாகத்தை நாம் திறந்து பார்க்கவே முடியாது. சில வருடங்களில் பஞ்சுத்தூசி உள்ளே படிந்துவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிரிக்க வேண்டியதுதான். ஒரு சின்னக் கதவைத் திறந்து கையாலேயே சுத்தம் செய்யும் மாடல் எனக்கு மேல்.

பராமரிப்பு கஷ்டமா?

கதவருகே இருக்கும் பஞ்சு ஃபில்டரை ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் எடுத்துத் துடைக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008-2010 கணக்குப்படி அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் வீடுகளில் நடந்தன. முதன்மைக் காரணமாக அவர்கள் சொன்னது சுத்தம் செய்யாததுதான். ஹீட் பம்பில் கீழே இருக்கும் இரண்டாவது ஃபில்டரையும் சில வாரங்களுக்கு ஒருமுறை பாருங்கள்.

எண்ணெய்க் கறை உள்ள துணியை டிரையரில் போடாதீர்கள். சூடாகக் குவிந்து கிடக்கும்போது அது தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. கடைசியில் வரும் குளிர்விக்கும் கட்டத்தை நடுவில் நிறுத்தவும் வேண்டாம்.

துணியை மென்மையாக்கும் திரவத்தை அதிகம் ஊற்றினால் சென்சாரில் மெல்லிய படலம் படியும். பிறகு ஈரமாகவே நின்றுவிடுகிறது என்ற புகார் வரும். ஈரத்துணியால் சென்சார் பட்டையைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

துணி சுருங்குமா?

பருத்தி கொஞ்சம் சுருங்கும், கம்பளி அதிகம். துணியின் லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 60 டிகிரி வரை, இரண்டு புள்ளி என்றால் 80 வரை. மேலே பெருக்கல் குறி இருந்தால் கொடிதான். எலாஸ்டிக் உள்ள துணி குறைந்த சூட்டில் நீண்ட நாள் உழைக்கும்.

வீடு மாறும்போது எப்படி எடுத்துப்போவது?

தொட்டியைக் காலி செய்து, நிமிர்த்தி வைத்தே கொண்டுபோங்கள். ஹீட் பம்பைச் சாய்க்க நேர்ந்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் இடம் மாறும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்.

பழையது வாங்கலாமா?

வென்ட்டட் என்றால் தைரியமாக வாங்கலாம். பெல்ட், ஹீட்டர், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றக்கூடியவை.

பழைய ஹீட் பம்ப் வாங்கப் போகும்போது பிழிந்த ஈரத்துண்டு இரண்டைப் பையில் எடுத்துப் போங்கள். வெறும் டிரம்மைச் சுழற்றிக் காட்டினால் எதுவும் தெரியாது. துண்டைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். டிரம்முக்குள் சூடு ஏற வேண்டும், தொட்டியில் தண்ணீர் சேர ஆரம்பிக்க வேண்டும். சூடே ஏறவில்லை என்றால் குளிர்வாயு கசிந்திருக்கலாம். அதைப் பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் அந்த டிரையரின் விலையையே தாண்டிவிடும், விட்டுவிடுங்கள். கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து கண்டென்சரின் மெல்லிய தகடுகளையும் பாருங்கள். வளைந்தோ, பஞ்சால் அடைபட்டோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.